0417-ஆம் மாட்டின் சீரான உடல்நிலை

மாடு செத்துப்போனால் செத்துப்போயிற்று என்று சொல்ல ஒரு வழி இருந்தாக வேண்டும். மலக்கி கில்ரேன் மார்ச் மாதத்திலிருந்து அடுத்த ஜனவரி வரை அந்த ஒரு வழியைத் தேடினான். வாரியம் அவனுக்காகப் பதினெட்டு வழிகளைத் திறந்துவைத்திருந்தது. ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை.

வாரியம் என்றால் மாட்டிறைச்சி உற்பத்தியாளர் முன்னேற்ற வாரியம். தலைநகர் டப்ளினில் கண்ணாடிக் கட்டடம், வாசலில் வெண்கலத்தில் ஒரு காளை, அதன் கீழே 'அளந்தால் வளரும்' என்று பொறித்திருக்கும். லீட்ரிம் மாவட்டத்தில் பத்துப் பதினைந்து தாய்ப்பசுக்களை வைத்துக்கொண்டு, கன்றுகளை வளர்த்து விற்கிறவனுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விலை கிடைக்காததுதான் காரணம் என்று விவசாயிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தரவு இல்லாததுதான் காரணம் என்று வாரியம் கண்டுபிடித்தது.

ஆகவே பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு. மாதம் ஒருமுறை ஒருவனுடைய வயலில் கூடி, புல்லை அளந்து, மாட்டை எடை போட்டு, அவனவன் எண்ணைப் பார்த்து மற்றவன் கற்றுக்கொள்ள வேண்டும். வருகிறவனுக்கு உதவித்தொகை உண்டு. அதற்காகத்தான் எல்லோரும் சேர்ந்தார்கள், மலக்கியும் சேர்ந்தான். அவனுக்குப் பத்து மாடு, நாற்பது ஏக்கர், அதில் முப்பது ஏக்கர் கோரை. பக்கத்து ஊரான கேரிக்கில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவன் மனைவி டிம்ப்னா வாங்கும் சம்பளம் வீட்டுக்குச் சரியாகப் போகும். மாடுகள் உதவித்தொகையில் நின்றன. அது நின்றால் மாடுகள் போய்விடும்.

அந்தப் பக்கத்தில் ஒருவனிடம் எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "மோசமில்ல" என்பதுதான் பதில். வாரியத்தின் கள அலுவலர் ஓர்லா ஹெனகனுக்கு இது தெரியாது. முப்பது வயதுப் பெண், நல்ல மனசு. முதல் கூட்டத்திலேயே எல்லோரையும் தங்கள் எண்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பன்னிரண்டு பேரும் தங்கள் ரப்பர் பூட்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஃப்ரெடி, உங்க கன்னுங்க எடை எப்படி?" என்று கேட்டாள்.

"மோசமில்ல" என்றான் ஃப்ரெடி டோலன்.

"மோசமில்லன்னா எத்தனை கிலோ?"

"அதான்மா, மோசமில்ல."

இரண்டாவது மாதம் வாரியம் படிவத்தில் 'மோசமில்லை' என்று ஒரு பத்தியைச் சேர்த்தது. மூன்றாவது மாதம் மனிதர்களைக் கேட்பதையே விட்டுவிட்டு மாடுகளின் கழுத்தில் பட்டை கட்டினார்கள். மாடு எவ்வளவு மென்றது, எவ்வளவு நடந்தது, எவ்வளவு நேரம் படுத்தது, உடம்பு எவ்வளவு சூடு என்பதையெல்லாம் பட்டையே டப்ளினுக்குச் சொல்லிவிடும். மென்றதை வைத்துத் தின்றதைக் கணக்கிடுவார்கள். எடைக்குக் கீழே தீனியைப் போட்டு வகுத்தால் மாட்டின் திறன் வரும். மலக்கியின் பத்து மாடுகளுக்கும் பத்துப் பட்டைகள் வந்தன.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, பத்தில் ஒன்றான டிலியா வடிகாலில் கிடந்தாள். ஏழு கன்று போட்டவள், எட்டாவது வயிற்றில் இருந்தது. மழையில் கரை சரிந்திருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரன் ஹூபர்ட் ஷான்லி டிராக்டரையும் கயிற்றையும் கொண்டுவந்தான். ஃப்ரெடி உட்பட இன்னும் ஐந்து பேர் வந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். வெளியே இழுத்தபோது அவளுக்கும் உயிர் இல்லை, கன்றுக்கும் இல்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். செத்த மாடு ஏற்றும் லாரிக்காரன் வந்து, காதில் மாட்டியிருந்த எண்வில்லையைப் பார்த்து ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, கழுத்துப்பட்டையை அவிழ்த்து மலக்கியின் கையில் வைத்தான்.

"இது வாரியத்துச் சொத்து. தொலைச்சா உன் தலையில கட்டிருவாங்க" என்றான்.

மலக்கி அதைக் கழுவித் துடைத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால், அடுப்பை ஒட்டின சுவரில் ஒரு ஆணியில் மாட்டினான். அந்த வீட்டில் அடுப்பு கோடையிலும் அணைவதில்லை. பிறகு உட்கார்ந்து தேநீர் குடித்தான். வருத்தம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. மற்ற ஒன்பதுக்கும் தீனி வைக்க எழுந்து போனான்.

அன்று மத்தியானமே கைபேசியில் வாரியத்தின் செயலியைத் திறந்து, 0417 என்ற டிலியாவின் எண்ணைத் தேடி, 'இறப்பு' என்ற பொத்தானை அமுக்கினான். 'இந்த மாடு தற்போது உயிருடன் உள்ளது. உயிருள்ள மாட்டின் இறப்பைப் பதிய இயலாது' என்று வந்தது. மறுபடி அமுக்கினான். 'தவறான பதிவு முயற்சி: இரண்டு' என்று வந்தது. மூன்றானால் என்ன செய்வார்களோ என்று நிறுத்திக்கொண்டான்.

மூன்று வாரம் தொலைபேசியில் முயன்று, நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு ஆள் கிடைத்தான்.

"0417 செத்துப்போச்சுங்க" என்றான் மலக்கி.

"இருங்க பாக்குறேன். இல்லையே சார், படுத்துருக்கா."

"ஆமா, படுத்துட்டா."

"நிம்மதியா இருக்கா சார். சூடு முப்பத்தெட்டரை, ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. உங்க மத்த ஒம்பதும்தான் சும்மா அலைஞ்சுக்கிட்டே இருக்கு, அதக் கொஞ்சம் கவனிங்க."

"லாரிக்காரன் குடுத்த ரசீது இருக்கு."

"அது வேற துறை சார். அவங்க கம்ப்யூட்டரும் எங்க கம்ப்யூட்டரும் பேசிக்கிறதில்ல."

"நான் பேசுறேனே."

"நீங்க பேசுறது கருத்து சார். எங்களுக்கு டேட்டா வேணும்" என்று சொல்லிவிட்டு, தன் சேவை எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கேட்டான். மலக்கி நான்கு கொடுத்தான். எதற்கு நான்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

மே மாதம் கெட்டியான தாளில் ஒரு கடிதம் வந்தது. திறனில் மாவட்டத்திலேயே முதல் மாடு 0417. எடை கடைசியாகப் போட்டபடியே அறுநூற்று நாற்பது கிலோ, ஒரு கிராம் குறையவில்லை. தீனி பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தபோது கணினி எண்ணுக்குப் பதில் ஏதோ ஒரு குறியைப் போட்டிருந்தது. 'இச்சாதனையைக் குறிக்க நம்மிடம் இன்னும் எண் இல்லை' என்று வாரியத்தின் இயக்குநர் டாக்டர் ஃபின்பார் லேஸி தன் கைப்பட எழுதியிருந்தார். ஜூன் மாதக் கூட்டம் மலக்கியின் வயலில், இயக்குநரே வருகிறார்.

நேரில் சொல்லிவிடலாம் என்று மலக்கிக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் தைரியம் வந்தது.

டாக்டர் லேஸி புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்துவிட்டு வயல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்பது மாடுகளும் ஒதுங்கி நின்று இவர்களைப் பார்த்தன.

"நண்பர்களே, மாடு வளக்கிறதுல இருக்குற ஒரே சிக்கல் என்ன தெரியுமா? மாடு திங்குது" என்று ஆரம்பித்தார் லேஸி. "முப்பது வருஷமா நாங்க இதைக் குறைக்கப் பாடுபடுறோம். எங்க ஆராய்ச்சிப் பண்ணையால முடியல. நாப்பத்திரண்டு பேர் வேலை செய்றோம், முடியல. மலக்கி தனியாளா முடிச்சுட்டார். இன்னிக்கு நீங்க என்கிட்ட கத்துக்க வரல. நானும் ஒரு மாட்டை நேர்ல பாத்துப் பதினோரு வருஷமாச்சு. நீங்க அவர்கிட்ட கத்துக்கணும். மலக்கி, எங்க அந்த 0417?"

"அவ செத்துட்டா" என்றான் மலக்கி.

லேஸி ஓர்லாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த ஊர்க் குணம் எனக்குத் தெரியாதா? நல்ல கன்னு வச்சிருந்தா மோசமில்லம்பாங்க. மாவட்டத்துல முதல் மாடு வச்சிருந்தா செத்துட்டாம்பாங்க." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கப்பா, செத்துட்டாளா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே நின்ற பதினொரு பேரில் ஆறு பேர் டிலியாவைக் கயிறு கட்டி இழுத்தவர்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு வீட்டு நஷ்டத்தை ஆபீசர் முன்னால் அடுத்த வீட்டுக்காரன் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அவர்கள் தாத்தா காலத்திலேயே ஆபீசரிடம் உண்மையைச் சொல்லி யாரும் உருப்பட்டதில்லை. மலக்கி ஹூபர்ட்டைப் பார்த்தான். ஹூபர்ட் வானத்தைப் பார்த்தான்.

"மழை வலுக்கும் போலருக்கு" என்றான் ஹூபர்ட்.

"மோசமில்லாத மாடு" என்றான் ஃப்ரெடி.

"பாத்தீங்களா" என்றார் லேஸி.

ஓர்லா கைபேசியில் 0417 இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியைத் தேடிக்கொண்டே நடந்தாள். புள்ளி வயலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, சமையலறைக்குள் போயிற்று. மாட்டை வீட்டுக்குள் வைத்தா வளர்க்கிறார்கள் என்று லேஸி வியந்து, அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே டிம்ப்னா தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் எடுத்துவைத்திருந்தாள். லேஸி சாண்ட்விச் பக்கம் போனார். ஓர்லா கதவுக்குப் பின்னால் ஆணியின் முன்பு நின்றுவிட்டாள்.

"மலக்கி, பட்டை இங்க இருக்கே. மாடு எங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதத்தாங்க சொல்லிக்கிட்டே இருக்கேன்."

அவள் பட்டையைப் பார்த்தாள். மூன்றாவது சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டிருந்த இயக்குநரைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இந்த மாட்டைப் பத்தின அறிக்கை அமைச்சகத்துக்குப் போயிருச்சு மலக்கி. போன வாரமே போயிருச்சு" என்றாள்.

எல்லோரும் போன பிறகு மலக்கி ஹூபர்ட்டை வாசலில் மடக்கினான்.

"ஏம்பா, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"நல்லாருக்கே கதை. உன் வீட்டுச் சாவ அந்த ஆள்கிட்ட நான் சொல்றதா? பட்டையக் கழட்டினதுக்கு உனக்குத் தண்டம் போட்டுருப்பான். நாங்க பதினோரு பேரும் உன்னக் காப்பாத்திருக்கோம்யா, கம்முனு கெட" என்றான் ஹூபர்ட். அவன் மனதார அப்படித்தான் நம்பினான்.

ஆகஸ்டில் அடுத்த கடிதம் வந்தது. விதி பதினான்கு: ஒரு மந்தையில் முதல் மாட்டின் திறனில் பாதிகூட இல்லாத மாடுகளை அக்டோபர் முடிவதற்குள் விற்றுவிட வேண்டும். தவறினால் குழுவிலிருந்து நீக்கம், உதவித்தொகை நிறுத்தம். கீழே ஒன்பது எண்கள் இருந்தன. ஒன்பதும் உயிருள்ள மாடுகள்.

டிம்ப்னா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"ஒம்பதையும் வித்துட்டா அந்தப் பணம் எதுக்கு?" என்று கேட்டாள்.

"மாடு வளக்கிறதுக்கு."

"எந்த மாட்டை?"

மலக்கி கதவுப் பக்கம் கையைக் காட்டினான்.

"அதத் தூக்கி எங்கயாச்சும் எறி. சனியன் விட்டுச்சுன்னு இருக்கலாம்" என்றாள் அவள்.

அவன் பட்டையை எடுத்துக்கொண்டு போனான். கால் தன்னால் அந்த வடிகாலுக்கே கொண்டுபோய் விட்டது. எறிந்துவிட்டு முற்றத்துக்குத் திரும்புவதற்குள் கைபேசி அலறியது. 'அவசரம். 0417-இன் உடல் குளிர்கிறது. பத்து நிமிடத்துக்குள் வெப்பமான இடத்துக்குக் கொண்டுசெல்லவும். தவறினால் விலங்கு நலச் சட்டப்படி வழக்கு.' மலக்கி ஓடிப்போய், தண்ணீரில் இறங்கித் துழாவி எடுத்து, துடைத்து, பழையபடி ஆணியில் மாட்டினான். 'நன்றி. மாடு நலமாக உள்ளது' என்று வந்தது. அதே வடிகாலில் டிலியா கிடந்த அன்று வாரியத்திடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அப்போது அவள் முதலிடத்தில் இல்லை.

உதவித்தொகை நின்றால் பனிக்காலத் தீனிக்கு வழியில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒன்பதும் போகத்தான் வேண்டும், இப்படிப் போனால் உதவித்தொகையாவது மிஞ்சும். மலக்கியும் டிம்ப்னாவும் இதை நாலைந்து நாள் திருப்பித் திருப்பிப் பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கேயே வந்து நின்றது. அக்டோபர் கடைசி வாரம் மாடுகள் சந்தைக்குப் போயின. விற்றவன் வாங்கினவனுக்கு அதிர்ஷ்டத்துக்காக ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். மலக்கி இருபது யூரோ எடுத்துக் கொடுத்து, "நல்லா வச்சுக்கப்பா" என்றான். வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் தொழுவத்து விளக்கைப் போட்டான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அணைத்தான். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

நவம்பரில் ஓட்டலில் விருந்து வைத்து அவனுக்கு மாவட்டத்தின் சிறந்த மாட்டிறைச்சி உற்பத்தியாளர் விருதைக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குக் கோழி அல்லது சால்மன் மீன்.

"ஒரே வருஷத்துல நஷ்டத்தை முழுசா ஒழிச்சுட்டார்" என்றார் லேஸி மேடையில். "தீனிச் செலவு இல்ல, வைத்தியச் செலவு இல்ல, ஆள் வேலை இல்ல. நாட்டுல இருக்குற ஒவ்வொரு விவசாயியும் மலக்கி மாதிரி செஞ்சா, மாட்டிறைச்சித் தொழில்ல நஷ்டம்ங்கிற வார்த்தையே இருக்காது. அளக்கிறதுக்கு நாங்க இருக்கோம். நாங்க எப்பவும் இருப்போம்."

மலக்கியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "அவ செத்துட்டாங்க" என்றான் அவன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் ஃப்ரெடி டோலன் வந்தான். கோரையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ஆணியை எவ்வளவு உயரத்தில் அடிக்க வேண்டும் என்று கேட்டான். அந்தக் குழுவில் இரண்டு வருடத்தில் ஒருவன் இன்னொருவனிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், காய்ச்சல் காட்டும் என்றான் மலக்கி. வருடப் பிறப்புக்குள் ஐந்து வீடுகளில் ஆணி அடித்தாயிற்று.

ஜனவரி பதினாறாம் தேதி காலையில் மலக்கி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. 'உங்கள் மாடு 0417 இன்று காலை 10.42-க்கு இறந்துவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். காரணம்: மின்கலம் தீர்ந்தது. இந்தத் துயரத்தில் வாரியம் உங்களோடு இருக்கிறது.'

டிம்ப்னா வந்து பார்த்தபோது அவன் கத்தியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"என்னாச்சு மலக்கி?"

"டிலியா செத்துட்டாளாம்" என்றான். அவளுக்கும் வயிற்றிலிருந்த கன்றுக்கும் அந்த ஒன்பதுக்கும் சேர்த்து வைத்திருந்த அழுகை மொத்தமாக வந்தது. டிம்ப்னா கத்தியை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் மாடு இறந்தால் குழு கூடி அந்த இறப்பிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. சனிக்கிழமை பதினொரு பேரும் வந்தார்கள். ஓர்லா படிவத்தோடு சமையலறையில் நின்றாள். முதலில் ஹூபர்ட் உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலக்கியின் கையைப் பிடித்தான்.

"உன் துக்கத்துக்கு வருத்தப்படுறேன், மலக்கி" என்றான். அந்த ஊரில் சாவு வீட்டில் சொல்வது அதுதான். வேறெங்கும் சொல்ல மாட்டார்கள். பிறகு ஃப்ரெடி, பிறகு மற்றவர்கள். வரிசையாக வந்து, கையைப் பிடித்து, அதே நாலு சொல்லைச் சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார்கள். மார்ச் மாதம் சொல்லியிருக்க வேண்டியது. ஆபீசர் முன்னால் சொன்னார்கள் என்பதை ஓர்லா கவனித்தாளோ என்னவோ, கடைசி ஆளுக்குப் பின்னால் அவளும் வந்து கையைப் பிடித்தாள். அப்புறம் படிவத்தில் 'வருகை முழுமை, கலந்துரையாடல் நன்று' என்று எழுதினாள். கற்றது என்ன என்ற கட்டத்தை மட்டும் மலக்கியிடம் நீட்டினாள்.

மலக்கி யோசிக்காமல் எழுதினான்: 'டிலியா. செத்தது மார்ச் பதினொன்று.'

பத்து நாளில் தாள் திரும்பி வந்தது. மேலே சிவப்பு முத்திரை: தேதி பிழை, பெயருக்கு இடமில்லை, திருத்தி அனுப்பினால் மட்டுமே உதவித்தொகை. மலக்கி பேனாவை எடுத்தான், மூடி வைத்தான். எழுந்துபோய் அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"திருத்தலையா?" என்று கேட்டாள் டிம்ப்னா.

"அது சரியாத்தான் இருக்கு" என்றான் மலக்கி.